நாலு வயதுக் குழந்தைக்குத் தமிழில் கதை சொல்லும் ஏஐ பொம்மை செய்ய முடியுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பண்ருட்டியில் சித்தப்பா குடும்பம் கொலு பொம்மை செய்கிறது, வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். பொம்மைக்குள் சாட்ஜிபிடி மாதிரி ஒன்றை வைத்து, தமிழில் கதை சொல்லவும், குழந்தை நடுவில் ஏதாவது கேட்டால் பதில் சொல்லவும் வைக்கலாமா, எந்த போர்டு, எந்த மாடல், எவ்வளவு செலவு, கேமரா வேண்டுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். போர்டும் மாடலும் பிறகு பார்ப்போம். குழந்தை சும்மா கேட்டுக்கொண்டு உட்காராமல் கதைக்குள் வர வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்று புரிந்துகொள்கிறேன். அதற்குப் பேசுகிற ஏஐ வேண்டுமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதே. ஏஐ உங்கள் பட்டறையில் இருக்கட்டும், பொம்மையின் வயிற்றுக்குள் வேண்டாம்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு குரலால் இயங்கும் சின்னக் கருவிகளுக்கு மின்சுற்றுப் பலகையும் மென்பொருளும் வடிவமைப்பது என் தொழில். மைக், ஸ்பீக்கர், பேச்சு அறிதல் பற்றி நான் சொல்வதை நம்பி வேலையைத் தொடங்கலாம். குழந்தை வளர்ச்சியைப் பற்றிப் படித்தவன் இல்லை, வீட்டிலும் தெருவிலும் பார்த்தவன்தான். அந்த இடங்களில் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் கதை எப்படிச் சொல்வார்கள்? ‘ஒரே ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்’ என்று ஆயா ஆரம்பித்தால் பிள்ளை ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். ‘என்னாடி, தூங்கிட்டியா?’ என்று ஒரு கேள்வி வரும். ‘இல்ல ஆயா, சொல்லு’ என்றால் திரும்ப ஓடும். சட்டென்று வருகிற ‘ம்’ வேறு, இழுத்துக்கொண்டு வருகிற ‘ம்ம்...’ வேறு. இரண்டாவது வந்தால் ராஜாவுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்துக் கதையை முடித்துவிடுவார்கள். சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்து கதையை நகர்த்துகிற ஏற்பாடு இது. நீங்கள் தேடுகிற ‘இன்டராக்டிவ்’ முக்கால்வாசி இதிலேயே இருக்கிறது. பொம்மைக்கு வேண்டியது இந்த ‘ம்’மைக் காது கொடுத்துக் கேட்கும் திறமை.

தொழில்நுட்பத்திலும் இது சுலபம், இதை உறுதியாகவே சொல்வேன். ‘ம்’ என்பது வாயை மூடி மூக்கு வழியாக வருகிற ஒலி. அதன் ஆற்றல் கீழ் அதிர்வெண்களில் குவிந்திருக்கும், பெரும்பாலும் அரை நொடிக்குள் முடிந்துவிடும், குரல்நாண் அதிர்வு சீராக இருக்கும். ஃபேன் இரைச்சலோ கதவு சாத்தும் சத்தமோ இப்படி இருக்காது. ஆகவே எந்தச் சொல் என்று அறிய வேண்டியதே இல்லை. குரல் வந்ததா, எவ்வளவு நீளம், ஏறுகிறதா இறங்குகிறதா, இது மட்டும் போதும். சில நூறு ரூபாய் சிப்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடும், இணையம் வேண்டாம். ஒரு நுணுக்கம்: பொம்மை பேசும்போது மைக்கை மூடிவிடுங்கள். வாக்கியம் முடிந்து இடைவெளி விடும்போது மட்டும் திறங்கள். தன் குரலையே கேட்டுத் தானே குழம்புவது இந்த மாதிரிக் கருவிகளின் பெரிய தலைவலி, எதிரொலியை நீக்குவதற்கென்றே தனி மென்பொருள் எழுதுகிறார்கள். மைக்கும் ஸ்பீக்கரும் மாறி மாறி வேலை செய்தால் அந்தத் தலைவலி வராது. கேட்ட ஒலியைச் சேமிக்கவும் வேண்டாம். அரை நொடியைப் பார்த்து, உண்டு இல்லை என்று முடிவெடுத்து, அழித்துவிடலாம். கூடத்தில் ஓடுகிற டிவி சீரியல்தான் ஒரே எதிரி, அதுவும் மனிதக் குரல் ஆயிற்றே. மைக்கைப் பொம்மையின் காதில் வைத்து, பக்கத்திலிருந்து வரும் ஒலியை மட்டும் எடுக்கும்படி அளவை வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முழுக்க முடியாது.

இடைவெளி எவ்வளவு? பெரியவர்கள் பேசிக்கொள்ளும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க சராசரியாக ஐந்தில் ஒரு நொடிதான் ஆகிறது, பல மொழிகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். குழந்தைக்கு அதைவிட அதிகம் வேண்டும். சந்தையில் இருக்கிற குரல் கருவிகள் பல, முக்கால் நொடி மௌனம் வந்தாலே ‘பேசி முடித்துவிட்டார்’ என்று முடிவு கட்டிவிடும். நாலு வயதுப் பிள்ளை ‘அப்புறம்... அந்த... அந்த நரி...’ என்று யோசிக்கும் நேரத்தில் கருவி நடுவில் பாய்ந்துவிடும். உங்கள் பொம்மை நாலைந்து நொடியாவது காத்திருக்கட்டும். அப்புறமும் ‘ம்’ வரவில்லை என்றால் ‘தூங்கிட்டியா?’ என்று ஒரு முறை கேட்கட்டும். அதற்கும் பதில் இல்லை என்றால் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அணைந்துவிடட்டும். நாலைந்து நொடி என்பது என் அனுபவக் கணக்கு, உங்கள் பெண்ணிடம் வைத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, முழுப் பேச்சையும் புரிந்துகொள்ளும் பொம்மை ஏன் கூடாது? முதல் காரணம், அது சரியாகப் புரிந்துகொள்ளாது. பேச்சு அறியும் மாடல்கள் பெரும்பாலும் பெரியவர்கள் குரலில் பழகியவை. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் நூற்றிருபது ஹெர்ட்ஸ் பக்கம், பெண் குரல் இருநூறு பக்கம், நாலு வயதுக் குழந்தை முந்நூறை ஒட்டி. தொண்டையிலிருந்து உதடு வரையான குரல் பாதையும் குட்டை. அதற்கு மேல் மழலை: குதிரை ‘குதிய’ ஆகும், பழம் ‘பயம்’ ஆகும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு தமிழுக்குத் திறந்த மாடல்கள் வெளியிட்டிருக்கிறது, ஓபன்ஏஐயின் விஸ்பர் என்ற மாடலும் இருக்கிறது. பெரியவர் நிதானமாகப் பேசினால் இவை நன்றாகவே எழுதிக்கொள்ளும். குழந்தையிடம் கொடுத்தால் ‘வந்துட்டுச்சாம்ல’ என்பது என்னவாக மாறும் என்று சொல்ல முடியாது. தப்பாகக் கேட்டுவிட்டுத் தப்பில்லாத இலக்கணத்தில் பதில் சொல்லும் பொம்மையிடம் பிள்ளை சீக்கிரம் சலித்துவிடும்.

இரண்டாவது நேரம். குழந்தை பேசியது சர்வருக்குப் போய், எழுத்தாகி, மாடல் யோசித்து, அது மறுபடி குரலாகி வர, நம் ஊர் வைஃபையில் இரண்டு மூன்று நொடி சாதாரணமாக ஆகும். மூன்றாவது மொழி நடை. இந்த மாடல்கள் தமிழில் செய்தி வாசிப்பாளர் போலப் பேசும். ‘நரி மிகுந்த ஏமாற்றம் அடைந்தது’ என்று சொன்னால் உங்கள் பெண்ணுக்கு என்ன புரியும்? ‘நரி ஏமாந்து போயிடுச்சாம்’ என்றால்தான் கதை. பேச்சுத் தமிழில் எழுது என்று கட்டளை கொடுத்தால் எழுதுகிறது, ஆனால் நாலு வரிக்கு ஒரு முறை மேடைக்கு ஏறிவிடுகிறது.

நாலாவதுதான் பெரிது. இது ஊகம் இல்லை, ஏற்கெனவே நடந்தவை. மை ஃபிரண்ட் கேலா என்ற பேசும் பொம்மையை 2017-ல் ஜெர்மனி தடை செய்தது, ஏனென்றால் பக்கத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் ப்ளூடூத் வழியாக அதில் நுழைய முடிந்தது. அதே ஆண்டு கிளவுட்பெட்ஸ் என்ற பொம்மைகளின் இணையச் சேமிப்பகம் பூட்டப்படாமல் கிடந்து, பெற்றோரும் பிள்ளைகளும் பதிவு செய்த இருபது லட்சத்துக்கு மேற்பட்ட குரல் செய்திகள் வெளியே எட்டும் நிலையில் இருந்தது தெரிய வந்தது. 2025 நவம்பரில் அமெரிக்க நுகர்வோர் அமைப்பான பிஐஆர்ஜி, கும்மா என்ற ஏஐ கரடிப் பொம்மையைச் சோதித்தது. தீக்குச்சி எங்கே கிடைக்கும், எப்படிப் பற்றவைப்பது என்று கரடி விளக்கியது, குழந்தையிடம் பேசவே கூடாத பாலியல் விஷயங்களையும் பேசியது. பேச்சு நீள நீளக் கட்டுப்பாடு தளர்ந்ததுதான் அதில் கவனிக்க வேண்டியது. அதன் பிறகு ஓபன்ஏஐ அந்தப் பொம்மை நிறுவனத்துக்குத் தன் மாடலைத் தருவதை நிறுத்தி வைத்தது. பெரிய மாடலுக்கு நீங்கள் எழுதும் கட்டளை ஒரு வேண்டுகோள்தான், பூட்டு கிடையாது. பத்து நிமிடம் ஒழுங்காகப் பேசியது பதினோராவது நிமிடமும் ஒழுங்காகப் பேசும் என்று கையெழுத்துப் போட யாராலும் முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாக்சி என்று குழந்தைகளுக்கான ரோபோ ஒன்று, விலை சுமார் 800 டாலராக இருந்தது. 2024 டிசம்பரில் நிறுவனம் பணமில்லாமல் மூடப்போவதாக அறிவித்தது. அதன் மூளை சர்வரில் இருந்ததால், சர்வர் போனால் ரோபோவும் ஊமை. தோழன் ஏன் இனிமேல் பேசமாட்டான் என்று பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய நிலைமை பெற்றோருக்கு வந்தது. ஒரு முறை விற்ற பொம்மைக்கு மாதாமாதம் சர்வர் கூலி கட்ட பண்ருட்டிப் பட்டறையால் எத்தனை வருடம் முடியும்? நம் பக்கத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது பல நாள் மின்சாரம் இல்லை. விளக்கில்லாத ராத்திரியில்தான் பிள்ளைகள் கதை கேட்கும், அப்போது பார்த்து ‘இணைய இணைப்பு இல்லை’ என்று பொம்மை சொல்லக் கூடாது.

அப்படியானால் ‘ம்’ மட்டும்தானா, குழந்தை வேறெதுவும் பேசக் கூடாதா என்று கேட்பீர்கள். பேசலாம், அதற்குத் தோதான கதையை எடுக்க வேண்டும். தன் பேரை மறந்துபோன ஈயின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டைப் பெருக்கி மெழுகிக்கொண்டிருந்த ஈ தன் பேரை மறந்துவிடும். கன்றுக்குட்டியிடம் போய் ‘கொழு கொழு கன்றே, என் பேர் என்ன?’ என்று கேட்கும். அதற்குத் தெரியாது, அம்மாவைக் கேள் என்னும். ‘கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, என் பேர் என்ன?’ அதற்கும் தெரியாது, மேய்க்கிறவனைக் கேள் என்னும். இப்படிச் சங்கிலி நீண்டுகொண்டே போய்க் கடைசியில் குதிரை ‘ஈஈஈ’ என்று கனைக்கும். இதை ஒரு வடிவமைப்பாளர் கண்ணோடு பாருங்கள். ஈ ‘என் பேர் என்ன?’ என்று கேட்கும்போது பொம்மை நிறுத்தி மைக்கைத் திறக்கிறது. உங்கள் பெண் ‘கொசு’ என்பாள், ‘அனிதா’ என்பாள், வெறுமனே சிரிப்பாள். எது வந்தாலும் மாடு ‘எனக்குத் தெரியாதும்மா, மேய்க்கிறவனைக் கேளு’ என்று அடுத்த கண்ணிக்குப் போய்விடும். தப்பான பதிலே இல்லை. ‘மன்னிக்கவும், புரியவில்லை’ என்று பொம்மை அசடு வழியும் தருணமே வராது. கதை தெரிந்த பிள்ளை முதலிலேயே ‘ஈ!’ என்று கத்தினால் அந்த நீண்ட உயிரொலியைப் பிடிப்பது கஷ்டம் இல்லை. அப்போது மட்டும் கன்றுக்குட்டி ‘உஷ், சொல்லிடாதே, குதிரை வரட்டும்’ என்று கிசுகிசுக்கட்டும். அந்த ஒரு வரிக்காகவே பிள்ளை மறுநாளும் கேட்கும் என்று நினைக்கிறேன். கொழுக்கட்டை ‘அத்திரிபாச்சா’ ஆன கதைக்கும் இதே வசதி உண்டு: சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கலாம், மறந்தால் அதுவே கதை.

குழந்தை சொல்வதைப் பொறுத்துப் பிரிந்து போகும் கிளைக் கதை வேண்டுமென்றால் ‘ஆத்துப் பக்கம் போலாமா, காட்டுப் பக்கம் போலாமா?’ என்று இரண்டே சொல்லில் கேளுங்கள். பத்துப் பதினைந்து சொற்களை மட்டும் அறியும் குட்டி மாடல் சிப்புக்குள்ளேயே ஓடும். ஒவ்வொரு சொல்லுக்கும் பல குழந்தைகள் குரலில் சில நூறு மாதிரிகளாவது வேண்டும், அவர்கள் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு. எதுவும் பிடிபடவில்லை என்றால் பொம்மை தானே ஒரு பக்கம் போகட்டும்.

பட்டறையில் ஏஐக்கு இங்கேதான் வேலை. கிளைகளின் முதல் வரைவை எழுதச் சொல்லுங்கள். ஆற்றங்கரைக் கிளையில் செத்துப்போன முதலை காட்டுக் கிளையில் உயிரோடு வருகிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். ‘நாய்’ என்பதற்குக் குழந்தை என்னவெல்லாம் சொல்லும் என்று பட்டியல் கேளுங்கள், நாயி, தோ தோ, வவ்வவ் என்று கொடுக்கும், விட்டதை நீங்கள் சேர்ப்பீர்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரு மனிதர் படித்து, தூக்கி எறிய வேண்டியதை எறிந்து, வாய்ப் பேச்சுக்கு மாற்ற வேண்டும். குரலும் மனிதக் குரல்தான், உங்கள் வீட்டில் நன்றாகக் கதை சொல்லும் பெரியம்மாவோ ஆயாவோ இருப்பார்கள். துணி அடைத்த பீரோவைத் திறந்து வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள், துணி எதிரொலியை உறிஞ்சும். எல்லாக் கிளைகளையும் ஒரே உட்காரலில் எடுங்கள், மறுநாள் தொண்டை வேறாக இருக்கும், ஒட்டுப் போட்ட இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

கதை எங்கே எடுப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. நாட்டுப்புறக் கதை பொதுச் சொத்து, ஆனால் ஒருவர் கேட்டு எழுதிய வடிவம் அவருடையது. எழுத்தாளர் கி.ராஜநாராயணன் இங்கே புதுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்து கதைகளைத் திரட்டினார், 2021-ல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. அவர் வரிகளைப் படித்துப் பதிவு செய்ய முடியாது. உங்கள் ஆயா சொன்னதை உங்கள் ஆயா வாயால் சொல்ல யார் அனுமதியும் வேண்டாம்.

வன்பொருள் சுருக்கமாக: ஈஎஸ்பி32-எஸ்3 போர்டு, ஐஎன்எம்பி441 மைக், மேக்ஸ்98357 ஆம்ப், மூன்று வாட் ஸ்பீக்கர், மெமரி கார்டு. சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும். பேட்டரியோடு ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குள் முடியும் என்பது என் மதிப்பு, மொத்தமாக வாங்கினால் இறங்கும். 64 கேபிபிஎஸ் எம்பி3-யாக வைத்தால் பத்து நிமிடக் கதை ஐந்து எம்பிகூட வராது. 8 ஜிபி கார்டில் ஆயிரம் கதைக்கு மேல் பிடிக்கும், அத்தனை கதை உங்களிடம் இருக்காது. மைக் திறந்திருக்கும்போது பொம்மையின் மூக்குத்தியோ பொட்டோ ஒளிரட்டும், இப்போது காது கொடுக்கிறது என்று பிள்ளைக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். கடலோர உப்புக் காற்றில் இணைப்புகள் சீக்கிரம் பச்சை பிடிக்கும், பலகைக்கு மேல் கன்ஃபார்மல் கோட்டிங் என்ற, ஈரம் புகாமல் காக்கும் மெல்லிய பூச்சை அடித்துவிடுங்கள். பட்டன் பேட்டரி வேண்டவே வேண்டாம், விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். பேட்டரி மூடி ஸ்குரூ போட்டதாக இருக்கட்டும். கொலு பொம்மையின் களிமண் உடல் படியில் நிற்கத்தான் லாயக்கு. நாலு வயதுக்கு, காகிதக்கூழ்த் தலையும் கழற்றித் துவைக்கும் துணி உடம்பும் நல்லது, பெயிண்டில் ஈயம் இருக்கக் கூடாது.

விற்பதானால் சட்டம் வருகிறது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், மின்சாரப் பொம்மைக்கு ஐஎஸ் 15644 என்ற தர விதி பொருந்தும். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் உள்ளே சிப் வைத்த பொம்மையும் அந்த விலக்குக்குள் வருமா என்பதை நான் தீர்ப்பாகச் சொல்லக் கூடாது, சென்னை தரமணியில் இருக்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். அவர்கள் தரவைக் கையாளச் சரிபார்க்கக்கூடிய பெற்றோர் சம்மதம் வேண்டும், நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது, மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து அமலாகும். எதையும் சேமிக்காத, எங்கும் அனுப்பாத பொம்மைக்கு இந்தக் கவலையில் பெரும்பகுதி வராது.

இதெல்லாம் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள், செலவில்லை. ஒரு பழைய பொம்மைக்குள் ப்ளூடூத் ஸ்பீக்கரை வையுங்கள். ஈயின் கதையைத் துண்டு துண்டாகப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கதவுக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்து, பிள்ளை ‘ம்’ கொட்டும்போது அடுத்த துண்டைத் தட்டுங்கள். எங்கே ‘ம்’ வருகிறது, எங்கே சிரிக்கிறாள், எங்கே எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘ம்’ கொட்டும் பழக்கமே இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் குறைந்திருக்கலாம், அதுதான் என் யோசனையில் இருக்கும் பலவீனமான இடம். அப்படியானால் முதல் கதையை நீங்களோ அவள் அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து ‘ம்’ கொட்டிக் கேளுங்கள், அவளும் பிடித்துக்கொள்வாள் என்று நம்புகிறேன். பிடித்துக்கொள்ளவில்லை என்றால் பொம்மையின் கையை அழுத்தினால் கதை நகரும்படி மாற்றிவிடலாம், மீதி வடிவமைப்பு அப்படியே நிற்கும்.

கேமரா பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பாட்டி விளக்கை அணைத்துவிட்டுத்தான் கதை சொல்வார், இருட்டில் கேமரா எதையும் பார்க்கப் போவதில்லை. பேட்டரியைத் தின்னும், செலவைக் கூட்டும், படுக்கை அறைக்குள் கேமரா வைத்த பொம்மை என்று தெரிந்தால் எந்தத் தாயும் வாங்கமாட்டாள்.